தசம வகுத்தல் தப்புகிறதா? தப்பான விடையிலேயே காரணம் இருக்கிறது

நோட்டில் 7.56 ÷ 6 = 12.6 என்று இருக்கிறது. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, கீழே "கவனமாகப் போடு" என்று ஒரு வரி. குழந்தை அதே கணக்கை மறுபடி போடுகிறது. மறுபடியும் 12.6 வருகிறது. அது கவனக்குறைவே இல்லை. வகுத்தது சரி, வாய்ப்பாடு சரி, 1, 2, 6 என்ற மூன்று இலக்கங்களும் சரி. புள்ளி மட்டும் ஓரிடம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. மறுபடி போடச் சொன்னால் தெரிந்த பகுதியைத்தான் பிள்ளை மறுபடி செய்யும். தெரியாத பகுதி தெரியாமலே கிடக்கும்.

நடுநிலை வகுப்புப் பிள்ளைகளோடு கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்வது என் அன்றாட வேலை. தப்பான விடைகள் கண்டபடி வருவதில்லை. ஒவ்வொரு தப்புக்கும் ஒரு முகம் உண்டு, அந்த முகத்தைப் பார்த்தால் எங்கே சறுக்கியது என்று சொல்லிவிடலாம். கீழே அப்படித்தான் பிரித்திருக்கிறேன். உங்கள் பிள்ளையின் நோட்டில் எந்த முகம் தெரிகிறதோ அங்கே நேராகப் போகலாம்.

ஒன்றை மட்டும் எல்லோரும் செய்ய வேண்டும். வகுக்கத் தொடங்கும் முன் உத்தேச விடையை நோட்டின் ஓரத்தில் எழுதுங்கள். மனசுக்குள் நினைத்தால் போதாது, எழுத வேண்டும். 7.56 ÷ 6 என்றால் 7-இல் 6 ஒரு தடவை போகும், கொஞ்சம் மிஞ்சும். ஆகவே விடை 1-க்கு மேல், 2-க்குள். ஓரத்தில் "1-க்கு மேல்" என்று இருந்தால் 12.6 அந்தப் பக்கத்திலேயே அகப்பட்டுவிடும். தசமத்தை உத்தேசிக்க நம் பேச்சிலேயே நல்ல சொற்கள் இருக்கின்றன: கால், அரை, முக்கால். 0.24 ஏறக்குறைய கால், 0.48 ஏறக்குறைய அரை, 0.76 ஏறக்குறைய முக்கால். 9.1 ÷ 0.48 என்று பார்த்தவுடன் பயப்படாமல் "ஒன்பதில் எத்தனை அரை?" என்று கேட்டால் பதினெட்டு. சரியான விடையும் 18.96 பக்கம்தான் வருகிறது.

இலக்கங்கள் சரி, புள்ளி தப்பு

வகுக்கும் எண் முழு எண்ணாக இருந்தால் தீர்வு எளிது. வகுத்து முடித்தபின் புள்ளியைத் தேடக் கூடாது, முதலிலேயே வைத்துவிட வேண்டும். நீள்வகுத்தலில் உள்ளே 7.56 எழுதியவுடன், அந்தப் புள்ளிக்கு நேர் மேலே, ஈவு எழுதும் கோட்டின்மேல் ஒரு புள்ளி. அதற்குப் பிறகுதான் முதல் இலக்கம். கடைசியில் "எத்தனை இடம் தள்ளணும்?" என்று எண்ணும் பிள்ளைகள் பெரும்பாலும் பெருக்கலில் படித்த விதியை இங்கே கொண்டுவருகிறார்கள். பெருக்கலில் இரண்டு எண்களின் தசம இடங்களையும் கூட்டுவோம். வகுத்தலில் அந்த விதி செல்லாது.

இதற்கு நான் கொடுக்கும் பயிற்சியில் வகுக்கும் வேலையே கிடையாது. 4368 ÷ 84 = 52 என்பதை நானே எழுதிக் கொடுத்துவிடுவேன். கீழே 43.68 ÷ 8.4, பிறகு 436.8 ÷ 0.84, பிறகு 4.368 ÷ 84. உத்தேசத்தால் மட்டும் புள்ளியை வைக்க வேண்டும். முதலாவது, நாற்பதை எட்டால் வகுத்தால் 5, ஆகவே 5.2. இரண்டாவது, 436-ஐ ஒன்றுக்குச் சற்றே குறைந்த எண்ணால் வகுக்கிறோம், 436-க்கு மேலேதான் வர வேண்டும், ஆகவே 520. மூன்றாவது, நாலை எண்பத்து நாலால் வகுக்கிறோம், ஒன்றில் இருபதில் ஒரு பங்கு மாதிரி, ஆகவே 0.052. வகுத்தல் களைப்பு இல்லாததால் பிள்ளையின் முழுக் கவனமும் புள்ளியின்மேல் விழும். இரண்டு நாளில் மாற்றம் தெரியும்.

இலக்கங்களை நேருக்கு நேர் எழுதாமல் சாய்த்துக்கொண்டே போகும் பிள்ளைக்குக் கட்டம் போட்ட தாள் கொடுங்கள். ஒவ்வொரு இலக்கத்தின் தலையிலும் அது எந்த இடம் என்று குறித்தால் இன்னும் நல்லது: ஒன்று, பத்தில் ஒன்று, நூறில் ஒன்று. இது சின்னப் பிள்ளை வேலை என்று நினைக்காதீர்கள். 1585-இல் சைமன் ஸ்டீவின் ஐரோப்பாவுக்குத் தசம எண்களை விளக்கி எழுதியபோது அவரும் இதைத்தான் செய்தார். அவர் புள்ளி வைக்கவில்லை. ஒவ்வொரு இலக்கத்தோடும் அதன் இடத்தைக் காட்டும் எண்ணை வட்டத்துக்குள் எழுதினார்.

ஒரு பூஜ்ஜியம் காணவில்லை

8.24 ÷ 8 = 1.3 என்று வந்தால் இதுதான். கூட உட்கார்ந்து மெதுவாகப் பாருங்கள். 8-இல் 8 ஒரு தடவை, மேலே 1. மீதி இல்லை. புள்ளி. அடுத்த 2-ஐக் கீழே இறக்குகிறது பிள்ளை. 2-இல் 8 போகாது. இந்த இடத்தில் பென்சில் ஒரு நொடி நிற்கும், பிறகு 4-ஐயும் இறக்கி 24 ஆக்கி, "மூவெட்டு இருபத்து நாலு" என்று 3-ஐ எழுதிவிடும். அந்த ஒரு நொடியில்தான் பூஜ்ஜியம் தொலைந்தது. போகாது என்பதும் ஒரு விடைதான், அதற்கும் மேலே ஓர் இடம் உண்டு. சரியான விடை 1.03.

விதியை இப்படிச் சொல்லிக் கொடுக்கிறேன்: கீழே ஒரு இலக்கம் இறங்கினால் மேலே ஒரு இலக்கம் ஏற வேண்டும். போகவில்லையென்றால் ஏறுவது 0. பிள்ளை 2-ஐ இறக்கும்போது விரலால் அதன் நேர் மேலே தொடட்டும், அங்கே எதுவும் இல்லாமல் அடுத்ததை இறக்க அனுமதி கிடையாது.

இதே பூஜ்ஜியம் இரண்டு வேறு இடங்களிலும் தொலையும். 0.312 ÷ 4 என்பதில் புள்ளியை ஒட்டி (விடை 0.078, பிள்ளை எழுதுவது 0.78). 42 ÷ 0.6 என்பதில் கடைசியில்: 420 ÷ 6 ஆக்கி, "ஆறேழு நாற்பத்திரண்டு, மீதி இல்லை, முடிந்தது" என்று 7-இல் நிறுத்திவிடும். இன்னும் ஒரு 0 இறங்காமல் நிற்கிறது. விடை 70.

மீதியைப் புள்ளிக்குப் பின்னால் ஒட்டிவிடுவது

17 ÷ 4 = 4.1. இந்த விடையைப் பார்த்தால் நான் உடனே திருத்த மாட்டேன். "இந்த 1 எங்கிருந்து வந்தது?" என்று கேட்பேன். "மீதி 1" என்று பதில் வரும். பிள்ளை மீதியோடு வகுக்கப் பல வருடம் பழகியிருக்கிறது, அந்த மீதிக்குத் தசமத்தில் ஓர் இடம் தேடி, கிடைத்த இடத்தில் வைத்திருக்கிறது. ஆனால் 4.1-இல் இருக்கும் 1 பத்தில் ஒன்று. மிஞ்சியதோ முழு ஒன்று, அதையும் நான்கு பேருக்குப் பங்கிட வேண்டும்.

17 மீட்டர் கயிறு, நான்கு பேர். ஆளுக்கு 4 மீட்டர் போக 1 மீட்டர் மிச்சம். அந்த ஒரு மீட்டரைப் பத்தாக வெட்டினால் பத்துத் துண்டு. ஆளுக்கு 2, மிச்சம் 2. அந்த இரண்டையும் பத்துப் பத்தாக வெட்டினால் இருபது குட்டித் துண்டு, ஆளுக்கு 5. மொத்தம் 4.25 மீட்டர். நீள்வகுத்தலில் "ஒரு பூஜ்ஜியம் சேர்த்துக்கொள்" என்று நாம் சொல்வது இந்த வெட்டுதான். பூஜ்ஜியத்தை எங்கிருந்தோ எடுத்துச் சேர்க்கவில்லை, மிச்சத்தைப் பத்தாக உடைக்கிறோம். இதைக் காகித நாடாவில் ஒரு முறை வெட்டிக் காட்டினால் 4.1 பிறகு அவ்வளவாக வராது.

"வகுத்தால் குறையத்தானே வேண்டும்?"

இருப்பதிலேயே ஆழமான தடை இதுதான் என்பது என் எண்ணம். 6 ÷ 0.5 என்று கொடுத்தால் 3 என்று எழுதும் பிள்ளைக்கு வகுக்கத் தெரியாமல் இல்லை. வகுத்தல் என்றால் பங்கிடுதல், பங்கிட்டால் குறையும் என்று சின்ன வகுப்பிலிருந்து நம்பி வந்திருக்கிறது. அரை பேருக்கு எப்படிப் பங்கிடுவது? அர்த்தமே இல்லை. அதனால் பாதியாக்கிவிடுகிறது.

1985-இல் எஃப்ராயிம் ஃபிஷ்பைனும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் இத்தாலியப் பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் எந்தச் செயலைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில் எண்களின் வகையும் தலையிடுகிறது, முதலில் படிந்த அந்தப் பழைய எண்ணம் பெரிய வகுப்பு வரை மறைவாகக் கூடவே வருகிறது என்று கண்டார்கள். என் மேசையில் நான் பார்ப்பதும் அதுவேதான். ஆகவே "தப்பு, 12" என்று சொல்வதால் ஒன்றும் மாறாது. பிள்ளையின் மனதில் வகுத்தலுக்கு இன்னொரு பொருளும் சேர வேண்டும்: இதில் அது எத்தனை முறை இருக்கிறது?

ஒரு மாணவியோடு நடந்ததைச் சொல்கிறேன். ஆறு லிட்டர் தண்ணீர் பிடிக்கும் பாத்திரம், ஒரு இரண்டு லிட்டர் குடுவை. "சரிம்மா, எத்தனை தடவை மொண்டால் காலியாகும்?" மூன்று. அதை 6 ÷ 2 = 3 என்று எழுதினாள். ஒரு லிட்டர் குடுவை? ஆறு. அரை லிட்டர்? "பன்னிரண்டு" என்று சட்டென்று வந்துவிட்டது. "அப்படியே எழுது." 6 ÷ 0.5 = என்று எழுதியவள் சமன் குறிக்குப் பிறகு நிறுத்திவிட்டாள். 12 என்று கை எழுத மறுத்தது. வாய் சொன்னதும் கை நம்பியதும் வேறு வேறு. நான் ஒன்றும் சொல்லவில்லை. மேலே உள்ள இரண்டு வரிகளையும் அவளே பார்த்தாள், குடுவை சின்னதாக ஆக மொள்ளும் தடவை கூடிக்கொண்டே போகிறது. பிறகு 12 எழுதினாள். கேட்காமலே கால் லிட்டருக்கு 24, பத்தில் ஒரு லிட்டருக்கு 60 என்று கீழே இரண்டு வரி சேர்த்தாள்.

அந்த ஐந்து வரிகள் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். 1-ஆல் வகுத்தால் அதே எண், 1-ஐவிடப் பெரியதால் வகுத்தால் குறையும், 1-ஐவிடச் சிறியதால் வகுத்தால் கூடும். விதியாகச் சொல்லும் முன் வரிசையாகப் பார்க்க வேண்டும்.

வகுக்கும் எண்ணில் புள்ளி இருந்தால் குழப்பம்

4.5 ÷ 0.15 = 3, அல்லது 0.3. ஒன்று, இரண்டு எண்களிலும் புள்ளியை அழித்துவிட்டு 45 ÷ 15 என்று போட்டிருக்கும். அல்லது கீழே உள்ள 0.15-ஐ மட்டும் 15 ஆக்கிவிட்டு மேலே உள்ளதைத் தொடாமல் விட்டிருக்கும். "புள்ளியை நகர்த்து" என்ற சொல்லே இதற்குப் பாதிக் காரணம். புள்ளி நகர்வதில்லை, இரண்டு எண்களையும் ஒரே எண்ணால் பெருக்குகிறோம். 0.15 முழு எண்ணாக 100-ஆல் பெருக்க வேண்டும், 4.5-ஐயும் 100-ஆல் பெருக்கினால் 450. இப்போது 450 ÷ 15 = 30.

ஏன் இரண்டையும்? 4.5 மீட்டர் கம்பியை 0.15 மீட்டர் துண்டுகளாக வெட்டுவதும், 450 சென்டிமீட்டர் கம்பியை 15 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுவதும் ஒரே வேலை. கம்பியும் மாறவில்லை, துண்டும் மாறவில்லை, அளவுகோலைத்தான் மாற்றினோம். துண்டுகளின் எண்ணிக்கை எப்படி மாறும்? இந்தக் கம்பியை ஒரு முறை புரிந்துகொண்ட பிள்ளை ஒரு பக்கத்தை மட்டும் மாற்றாது.

இங்கே ஒரு குழி இருக்கிறது, நன்றாகப் போடும் பிள்ளைகளே இதில் விழுகிறார்கள். 5 மீட்டர் கம்பியில் 0.3 மீட்டர் துண்டுகள் எத்தனை, மிச்சம் எவ்வளவு? 50 ÷ 3, ஈவு 16, மீதி 2. "16 துண்டு, 2 மீட்டர் மிச்சம்." இரண்டு மீட்டர் மிச்சம் இருந்தால் இன்னும் ஆறு துண்டு வெட்டியிருக்கலாமே! ஈவு மாறாது, ஆனால் மீதி பத்து மடங்கு ஆகிவிட்டது. உண்மையான மிச்சம் 0.2 மீட்டர். சரிபார்க்க: 16 × 0.3 = 4.8, அதோடு 0.2 சேர்த்தால் 5.

10, 100, 1000-ஆல் வகுக்கும்போது தப்பு வந்தால் அதிகம் மெனக்கெட வேண்டாம். 3.7 ÷ 100-க்கு 370 என்று வந்திருந்தால் திசை தப்பு, உத்தேசம் அதைப் பிடித்துவிடும். 0.37 என்று வந்திருந்தால் 3-க்கு முன்னால் வெற்றிடத்துக்குப் பூஜ்ஜியம் போட மறந்தது. 003.7 என்று முன்னால் இரண்டு பூஜ்ஜியம் எழுதிக்கொண்டால் 0.037 தானாக வரும்.

வகுத்தல் நிற்கவே மாட்டேன் என்கிறது

10 ÷ 3 போட்டால் 3.333 என்று போய்க்கொண்டே இருக்கும். பிள்ளை தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்து அழித்துவிடும். தப்பில்லை என்று முதலில் சொல்லுங்கள். வகுத்தலைப் பின்னமாக எழுதிச் சுருக்கியபின் கீழே இருக்கும் எண்ணின் பகாக் காரணிகள் 2, 5 மட்டும் என்றால் வகுத்தல் முடியும், வேறு ஏதாவது இருந்தால் முடியாது. 1 ÷ 8 = 0.125, முடிகிறது. 1 ÷ 7-இல் 142857 என்ற ஆறு இலக்கம் திரும்பத் திரும்ப வரும். அந்த ஆறும் திரும்புவதைத் தானே போட்டுக் கண்டுபிடித்த பிள்ளைக்கு வரும் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்.

எங்கே நிறுத்துவது என்பதைக் கேள்விதான் சொல்லும். இரண்டு தசம இடம் வேண்டுமானால் மூன்றாவது இடம் வரை போட்டுப் பார்த்து முழுதாக்க வேண்டும். 5 ÷ 3 = 1.666… என்பது இரண்டு இடத்துக்கு 1.67. இரண்டாவது இடத்திலேயே நிறுத்தினால் 1.66 என்று எழுதிவிடும்.

வாக்கியக் கணக்கில் மட்டும் தடுமாற்றம்

வெறும் எண்களாகக் கொடுத்தால் சரியாகப் போடும், வாக்கியமாக வந்தால் "பெருக்கணுமா, வகுக்கணுமா?" என்று நம் முகத்தைப் பார்க்கும். 0.75 மணி நேரத்தில் 2.4 கிலோமீட்டர் நடந்தால் அதே வேகத்தில் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு? பல பிள்ளைகள் பெருக்கி 1.8 என்பார்கள். விடை பெரியதாக வரும் என்று உணர்கிறார்கள், பெரியதென்றால் பெருக்கல் என்று முடிவு செய்கிறார்கள். "வகுத்தால் குறையும்" என்ற தடையின் மறுபக்கம் இது. வந்த 1.8 சின்னதாகிப் போனதைக் கவனிப்பதில்லை.

எனக்குத் தெரிந்த நல்ல மருந்து எண்ணை மாற்றுவது. தசமங்களை மறைத்துவிட்டு, கதையை அப்படியே வைத்துக்கொண்டு, லேசான முழு எண்களைப் போடுங்கள். 2 மணி நேரத்தில் 6 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்தில்? யோசிக்காமல் 3 என்று வரும். என்ன செய்தாய்? 6-ஐ 2-ஆல் வகுத்தேன். அப்படியானால் இங்கேயும் தூரத்தை நேரத்தால் வகுக்க வேண்டும்: 2.4 ÷ 0.75 = 3.2. முக்கால் மணிக்கே 2.4 என்றால் முழு மணிக்கு அதற்கு மேல்தான், பொருந்துகிறது.

"ஒவ்வொரு" என்று வந்தால் வகு, "மொத்தம்" என்று வந்தால் பெருக்கு என்று சொல்லைப் பிடித்துத் தேடும் குறுக்குவழியைத் தயவுசெய்து சொல்லித்தராதீர்கள். ஒரு வாரம் மதிப்பெண் கூடும், பிறகு வாக்கியத்தைப் படிக்கும் பழக்கமே போய்விடும்.

பெரிய எண்ணை எப்போதும் முன்னால் எழுதுவது இன்னொரு அறிகுறி. 3 மீட்டர் நாடாவை 8 சமத் துண்டாக வெட்டினால் ஒரு துண்டு எவ்வளவு? 8 ÷ 3 என்று போட்டு 2.67 மீட்டர் என்று வரும். "மூன்று மீட்டர் நாடாவில் எட்டுத் துண்டும் இவ்வளவு நீளமா?" என்று நாடாவைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். எதை வகுக்கிறோமோ அது முன்னால்: 3 ÷ 8 = 0.375 மீட்டர்.

எண் சரி, விடை தப்பு

2.4 மீட்டர் பலகையில் 30 சென்டிமீட்டர் துண்டுகள் எத்தனை என்றால் 2.4 ÷ 30 = 0.08 என்று வந்து நிற்கும். வகுத்தலில் குறையில்லை. வகுக்கும் முன் இரண்டும் ஒரே அலகா என்று பார்க்கவில்லை. 240 ÷ 30 = 8.

நேரம் வந்தால் கூடுதல் எச்சரிக்கை. 7 மணி நேர வேலையை 4 நாளுக்குச் சமமாகப் பிரித்தால் நாளுக்கு 1.75 மணி. "ஒரு மணி எழுபத்தைந்து நிமிடம்" என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். மணிக்கு நூறு நிமிடம் இல்லை, அறுபது. 0.75 × 60 = 45, ஆகவே ஒரு மணி நாற்பத்தைந்து நிமிடம். ஒன்றேமுக்கால் மணி என்று வாயால் சொல்லச் சொன்னால் பிள்ளையே திருத்திக்கொள்ளும்.

50 லிட்டர் தண்ணீரை 8 லிட்டர் குடங்களில் நிரப்ப எத்தனை குடம்? 50 ÷ 8 = 6.25. ஆனால் கால் குடம் என்று ஒன்று கிடையாது. முழுத் தண்ணீரையும் கொள்ள 7 வேண்டும். "எத்தனை குடம் முழுதாக நிரம்பும்?" என்று கேட்டால் 6. "50 லிட்டரை 8 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு எத்தனை லிட்டர்?" மாதிரிக் கேள்வியில் 6.25 அப்படியே நிற்கும். எண் ஒன்றே, கேள்விதான் விடையைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் நடந்து, 1983-இல் முடிவுகள் வெளியான தேசிய அளவிலான மதிப்பீட்டில் 13 வயதுப் பிள்ளைகளிடம் இதுபோல ஒன்று கேட்டார்கள்: ஒரு பேருந்தில் 36 வீரர்கள், மொத்தம் 1128 வீரர்கள், எத்தனை பேருந்து? சுமார் 70 சதவீதம் பேர் சரியாக வகுத்தார்கள். 32 என்று சரியான விடை சொன்னவர்கள் 23 சதவீதம்தான். 29 சதவீதம் பேர் "31, மீதி 12" என்று எழுதிவிட்டார்கள்.

ஆகவே விடையை வெறும் எண்ணாக எழுதவிடாதீர்கள். "7 குடங்கள் வேண்டும்" என்று முழு வாக்கியமாக எழுதினால், அந்த வாக்கியத்தை எழுதும்போதே பாதித் தப்பு கண்ணில் பட்டுவிடும்.

பயிற்சிக்கு எவ்வளவு என்று கேட்டால், ஒரு நாளைக்கு நான்கு கணக்கு போதும் என்பேன். மூன்று நீங்கள் கொடுப்பது, நான்காவது பிள்ளையே உண்டாக்குவது. உண்டாக்குவது கஷ்டமில்லை, பெருக்கலில் தொடங்கினால் போதும். 3.6 × 0.25 = 0.9. அதிலிருந்து 0.9 ÷ 0.25 கிடைத்துவிட்டது. அதற்கு ஒரு கதை எழுதச் சொல்லுங்கள். ஒரு பையன் எழுதியது: "0.9 மீட்டர் நாடாவில் 0.25 மீட்டர் துண்டுகள் எத்தனை? 3.6." எழுதிவிட்டுத் தானே நிமிர்ந்து பார்த்தான். "3.6 துண்டு எப்படி வரும்? மூன்று முழுத் துண்டுதான் வரும், மிச்சம் 0.15 மீட்டர்" என்று அடித்து எழுதினான். அன்றைக்கு அவனுக்கு வேறு கணக்கு எதுவும் கொடுக்கவில்லை.